பாரப் பெட்டி

கமீலா இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு மதினி வீட்டுக்கு ஓடியதை அந்த ஒழுங்கையில் இருந்த வீடெல்லாம் பார்த்தது. தடுத்தவர் ஒருவருமில்லை. சவூதிக் காசு தலைக்கேறிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் அவள் கொண்டுவந்து கொடுத்த சவர்க்காரத்தில்தான் அந்தக் கிழமை ஏழு நாளும் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஓடியது காசுக்காக அல்ல, மகள் றாஹிலாவின் மூச்சுக்காக. அந்த மூச்சு மதினி சுல்பிகாவின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

எழுபத்தெட்டில் கிழக்கிலங்கையை அடித்த சூறாவளியில் கமீலாவின் உம்மா சுவர் விழுந்து மௌத்தானாள். வீட்டுக் கூரை அடுத்த தெருவில் போய்க் கிடந்தது. ஐந்து வயது றாஹிலா மூன்று நாள் மழையில் நனைந்தாள். நெஞ்சில் சளி கட்டியது. பிறகு அது போகவேயில்லை. மாதத்தில் இரண்டு தடவையாவது பிள்ளை தோளைத் தூக்கித் தூக்கி மூச்சுக்குத் தவிக்கும், உதடு நாவற்பழ நிறத்துக்குப் போகும். ஊர் அதை முட்டு என்றது. ஆசுபத்திரித் துண்டுச் சீட்டில் தொய்வு என்று எழுதினார்கள். பெயர் மாறியதே தவிர நோய் மாறவில்லை.

கணவன் மீராமுகைதீன் உழவு மெசின் ஓட்டுகிறவன். விதைப்புக் காலத்தில் உழுவான், வெட்டுக் காலத்தில் நெற்கதிரைச் சூடு அடிப்பான், மற்றக் காலத்தில் கோபப்படுவான். இருந்த வீடு கமீலாவின் சீதன வீடு. இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பான். சில மாப்பிள்ளைமார் நாலைந்து வருடத்தில் அதை மறந்துபோவார்கள். மீராமுகைதீன் முதல் வருடமே மறந்துவிட்டான்.

கூரைக்காகவும் பிள்ளையின் மருந்துக்காகவும் கமீலா றியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். றாஹிலாவை மீராமுகைதீனின் மூத்த சகோதரி, அவன் ராத்தா என்று கூப்பிடும் சுல்பிகா, பொறுப்பெடுத்தாள். தன் நாலோடு ஐந்தாக மூன்று வருடம் பார்த்தாள்.

றியாத் வீட்டுச் சுவரில் கரண்ட் துளைகள் இரண்டு சாதியாக இருந்தன. நூற்றிப்பத்து வோல்ட் வரும் தட்டைத் துளை சின்னச் சாமான்களுக்கு, இருநூற்றிஇருபது வரும் வட்டத் துளை குளிர் மெசினுக்கு. முதல் மாதம் அது தெரியாத கமீலா, வீட்டுக்காரியின் தலைமயிர் காய வைக்கும் மெசினை, வயர் நுனியில் வேறொரு கொழுவியைப் போட்டு வட்டத் துளையில் மாட்டிவிட்டாள். அது அவள் கையிலேயே வெடித்தது. வீட்டுக்காரி துணி தேய்க்க வைத்திருந்த சூட்டுப் பெட்டியை எடுத்து வந்து கமீலாவின் முழங்கைக்குக் கீழே வைத்து அழுத்தினாள். தோல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நூற்றிப்பத்துக்கும் இருநூற்றிஇருபதுக்கும் உள்ள வித்தியாசத்தை உலகத்தில் வேறு யாரும் இப்படிப் படித்திருக்கமாட்டார்கள்.

அந்த வீட்டுக் கிழவருக்கும் முட்டு இருந்தது. அவருக்கு ஒரு மெசின் இருந்தது. மருந்துத் தண்ணீரை ஆவியாக்கி முகமூடி வழியே நெஞ்சுக்குள் அனுப்பும். கறுத்துப்போன கிழவர் பத்து நிமிடத்தில் எழும்பித் தேநீர் கேட்பார். அதைப் பார்த்த அன்றே கமீலா தீர்மானித்துவிட்டாள். கிழவர் மௌத்தானதும் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து அந்த மெசினைக் கேட்டு வாங்கினாள். வீட்டுச் சாரதி பாலக்காட்டுக்காரன், அவன்தான் சந்தையில் ஒரு கறுத்த இரும்புப் பெட்டியை வாங்கித் தந்து, "இது இல்லாமல் உங்கள் ஊரில் அதைத் தொடாதே அம்மா" என்று சொல்லிவிட்டான். பெட்டியின் ஒரு பக்கம் நம் ஊர் வட்டக் கொழுவி, மற்றப் பக்கம் தட்டைத் துளை. உள்ளே வரும் கரண்டைப் பாதியாகக் குறைத்து வெளியே விடும். பாரமென்றால் அப்படிப் பாரம், அரைமூட்டைச் சீமெந்தைத் தூக்கின மாதிரி இடுப்பு ஒடியும். அதற்காகவே கமீலா தனக்கென்று வாங்கிய போர்வைகளையும் பாத்திரங்களையும் விமான நிலையத்திலேயே கழித்துவிட்டு வந்தாள்.

எண்பத்திரண்டு மாசி மாதம் வந்து சேர்ந்தாள். மறுநாள் அவள் கட்டி வந்த சாமான்களைப் பிரித்துப் பெட்டி உடைத்தார்கள்.

சவூதியால் வந்தவர் பெட்டி உடைப்பதென்றால் அது ஒரு சிறிய கலியாணம். நடு மண்டபத்தில் பாய் போடுவார்கள். வந்தவள் பாயில் குந்துவாள். அவளுக்குக் கிட்ட யார் குந்துகிறார்கள், முதல் சாமான் யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளையைப் பார்த்துக்கொண்டவளுக்கே அந்த இடம். கமீலாவுக்கும் அது தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு ஹாஜறா வந்துவிட்டாள். கமீலாவைச் சவூதிக்கு ஏற்றிவிட்டவரின் மனைவி, கையிலும் கழுத்திலும் பவுண், அழைக்காமலே பாயில் வந்து அமர்ந்தாள். கமீலா பயத்திலும் மரியாதையிலும் முதல் சாமானாக ஒரு கம்பளியை அவள் மடியில் வைத்தாள். சுல்பிகா றாஹிலாவை இடுப்பில் தாங்கிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை, அவளை இறக்கிவிடவும் தோன்றவில்லை. சுல்பிகாவுக்குக் கிடைத்தது பதினோராவது சாமான், அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுத்த அதே நைலக்ஸ் சேலை.

லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யக் கமீலா கிணற்றடிக்குப் போன நேரம் சுல்பிகா தம்பியிடம் வந்தாள்.

"எனக்கு இதுதானாடா தம்பி?"

பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீராமுகைதீனுக்கு நெஞ்சு விரிந்தது. வேறொருத்தி உழைத்த சாமானை அள்ளிக் கொடுக்கும்போது வருகிற பெருந்தன்மைக்கு அளவே கிடையாது.

"விருப்பமானத எடு ராத்தா. ஆரு கேக்கிற."

சுல்பிகா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பாரமான சாமானுக்குத்தான் பெறுமதி என்பது அவள் கணக்கு. இரண்டு கையாலும் தூக்கவேண்டியிருந்தது ஒன்றுதான். சீலைத்தலைப்பால் மூடி அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாம் நாள் றாஹிலாவின் நெஞ்சில் மெல்லிய விசில் கேட்டது. கமீலா மெசினை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு மற்றதைத் தேடினாள். கட்டிலுக்குக் கீழும் இல்லை, குசினி அடுப்படியிலும் இல்லை.

"மச்சான், இஞ்ச கிடந்த கறுத்தப் பெட்டி எங்க?"

மீராமுகைதீன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான். "எந்தப் பெட்டி?"

"இரும்புப் பெட்டி. பாரம். இந்த மெசினோட கொழுவுறது."

"அதா. ராத்தாக்குக் குடுத்துட்டன்."

"அது ஆருக்கும் குடுக்கிற சாமான் இல்ல மச்சான். கரண்டக் குறைக்கிற பெட்டி. அங்கத்தயக் கரண்டு நூற்றிப்பத்து, நம்மட கரண்டு இருநூற்றிமுப்பது. அது இல்லாமக் கொழுவினா மெசின் எரிஞ்சி போயிரும்."

"கரண்டுக்கும் பாஸ்போட் இரிக்கா?" என்று அவன் சிரித்தான். "அங்கயும் வயருக்குள்ளாலதான் வருகுது, இஞ்சயும் வயருக்குள்ளாலதான் வருகுது. கரண்டெல்லாம் ஒரே கரண்டுதான்."

கமீலா சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினாள். "இத நான் சும்மா வாங்கிட்டு வரல்ல."

அவன் பார்த்தான். பார்வையை வெற்றிலைக்குத் திருப்பிக்கொண்டான்.

"என்னவோ. பத்துப் பேருக்கு முன்னுக்கு ஆம்புள வாயால குடுத்த. திருப்பிக் கேக்க ஏலா. நீயும் கேக்கப்படா."

கமீலா கல்முனைக்கு பஸ் ஏறிப் போய் றேடியோ திருத்துகிறவரிடம் விசாரித்தாள். அப்படிப் பெட்டி கொழும்பிலிருந்துதான் வரவேண்டும், இரண்டு மூன்று கிழமை செல்லும் என்றார். திரும்பி வந்த கையோடு மதினி வீட்டுக்குப் போனாள்.

சுல்பிகா கிணற்றடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வா புள்ள. ஹாஜறாவக் கூட்டி வரல்லியா?"

"அவ என்னத்துக்கு மதினி? நான் உங்களப் பாக்க வந்த. அந்தக் கறுத்தப் பெட்டியத் தாங்க. அதுக்குப் பதிலா வேற நல்ல சாமான் தாறன்."

"பன்னிரண்டாவது சாமானா?"

கமீலாவுக்கு அப்போதும் உறைக்கவில்லை. "என்ன சொல்றீங்க மதினி? அது புள்ளட மருந்து மெசினுக்கு உள்ளது."

சுல்பிகா மீனையும் கத்தியையும் சட்டிக்குள் போட்டாள்.

"மெசின் இல்லாமத்தான் மூணு வரிசம் உன்ட புள்ளய உசிரோட வெச்சிருந்தன். முட்டு வந்தா என்ட நெஞ்சில சாத்திக் கொண்டு விடிய விடியக் குந்திக் கிடந்தன். என்ட சின்னவன் பாலுக்கு அழ அழ உன்ட மகளுக்குக் கொத்தமல்லித் தண்ணி பருக்கினன். நீ வந்தாய். பாய் போட்டாய். என்னக் கண்டியா?"

"மதினி, நான் நினச்சிச் செய்யல்ல. அவ வந்து குந்திட்டா."

"ஓம். குந்திட்டா. நான் நிண்டன்."

"ஒரு கிழமைக்காவது தாங்க."

"நான் களவெடுக்கல்ல. என்ட தம்பி தந்த. அவன் வந்து கேட்டா குடுக்கிறன். நீ கேட்டுத் தரமாட்டன்."

அவன் கேட்கமாட்டான், இவள் அவன் கேட்காமல் கொடுக்கமாட்டாள். இரண்டு மானத்துக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

ராத்தா வீட்டில் போய்க் கேட்டாள் என்ற செய்தி பின்னேர அஸர் தொழுகைக்கு முன்பே மீராமுகைதீனின் காதுக்குப் போய்விட்டது. அவன் வரும்போதே கையில் உழவு மெசினிலிருந்து கழற்றிய பழைய பெல்ட் இருந்தது. வாசற்படலையைச் சாத்தினான்.

"கேக்கப்படா எண்டு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க."

"பிறகு?"

"புள்ளட மூச்சு மச்சான்."

முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது கழுத்தைச் சுற்றி வந்து கன்னத்தைக் கிழித்தது. எண்ணெய் ஊறிய றப்பர், விழுந்த இடத்தில் கறுப்பாகவும் சிவப்பாகவும் பட்டை எழும்பியது. சவூதிக்குப் போய் வாய் நீண்டுவிட்டது என்றான். பெண்ணுழைப்பில் இருக்கிறான் என்று ஊர் சொல்லப் பண்ணிவிட்டாய் என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அடி. றாஹிலா கதவு மூலையில் நின்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கமீலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதால் இன்னும் கூடும் என்பதை றியாத்தில் படித்திருந்தாள்.

அவனுக்கு மூச்சு வாங்கியதும் கை நின்றது.

"அடிச்சி முடிஞ்சா போய்ப் பெட்டியக் கேளுங்க" என்றாள்.

அவன் பெல்ட்டை எறிந்துவிட்டுப் போனான். கேட்கத்தான் போகவில்லை.

மாவடிப்பள்ளி வயல்வெளியில் அந்தக் கிழமை சூடடிப்பு மும்முரம். களவெட்டிகளில் கதிரைப் பரப்பி அதன்மேல் உழவு மெசினைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். வைக்கோல் தூசும் நெற்சுணையும் எழும்பி வெயிலையே மங்க வைக்கும். மீராமுகைதீன் மூன்று நாள் அங்கேயே கிடந்து உழைத்தான். நாலாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது தலை, புருவம், இடுப்புச் சறம் எல்லாம் மஞ்சள் தூசு. றாஹிலா ஓடிப்போய் அவன் கையிலிருந்த பையை வாங்கினாள். அவன் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவனுக்கு மகளென்றால் உயிர். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

"இறக்குங்க. முதல்ல குளிங்க" என்று கமீலா குசினியிலிருந்து சொன்னாள். பிள்ளை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தது. சிரிப்பு இருமலாக மாறியது.

கால் மணித்தியாலத்தில் முட்டுப் பிடித்தது. இதுவரை கமீலா பார்த்த எதுவும் இப்படி இருக்கவில்லை. பிள்ளை பாயில் குந்தி இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு தோளைத் தூக்கியது. கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. சொல்ல வந்த வார்த்தை வெளிவரவில்லை.

மீராமுகைதீன் மெசினைத் தூக்கி வந்து நடுவில் வைத்தான். தட்டைக் கொழுவியைச் சுவர்த் துளையில் செருகிப் பார்த்தான். அது போகவில்லை. தேங்காய் வெட்டும் கத்தியை எடுத்துக் கொழுவியைத் தறித்து எறிந்தான். வயரின் தோலைப் பல்லால் உரிக்கத் தொடங்கினான்.

கமீலா சுவர்த் துளையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"கொழுவாதீங்க மச்சான். எரிஞ்சிரும். எரிஞ்சா பிறகு ஒண்டுமில்ல."

"புள்ள சாகுது. எட்ட நில்லு."

"மாட்டன்."

முழங்கையால் அடித்தான். அடி அவள் வாயில் விழுந்தது. கடைவாய்க்கு முன்னால் இருந்த ஒரு பல் நாக்கின்மேல் விழுந்ததை அவள் உணர்ந்தாள். கீழே விழுந்தவள் எழும்பி அவன் காலைப் பிடித்தாள்.

"ஒரு நிமிசம் பொறுங்க. பெட்டியக் கொண்டாறன். அல்லாட ஆணையாக் கொழுவாதீங்க."

அவன் கை நின்றது. மகளைப் பார்த்தான்.

"ஓடு" என்றான்.

தேங்காய் உரிக்கும் அலவாங்கு முற்றத்தில் நட்டிருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஒழுங்கை பார்த்தது அப்போதுதான்.

சுல்பிகா வீட்டின் முன்கதவு திறந்து கிடந்தது. சுல்பிகா அலுமாரிக்கு முன்னால் குந்தித் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கண்டது தலைத்துணி போன ஒருத்தியை. வாயிலிருந்து சட்டை வரை இரத்தம், கையில் இரும்பு.

இந்த இடத்தில் கமீலா ஒரு சொல் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வாய் நிறைய இரத்தம், இரைப்பு. அதைவிட, இனி யாரிடமும் கேட்டு நிற்கக்கூடாது என்ற வெறி. நேரே போய் அலுமாரிப் பூட்டில் ஓங்கிப் போட்டாள். கதவு பிளந்தது, பூட்டு விடவில்லை.

"என்ட சீதன அலுமாரிடி" என்று சுல்பிகா வலது கையைக் குறுக்கே போட்டாள். இரண்டாவது ஓங்கல் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

சுல்பிகா இடது கையால் கமீலாவின் கூந்தலைச் சுற்றிப் பிடித்து இழுத்துத் தலையைக் கதவில் மோதினாள். ஒரு தரம், இரண்டு தரம். கமீலாவுக்குக் கண் இருட்டியது. கூந்தலோடு முகத்துக்கு நேரே வந்த அந்த இடது கையைப் பிடித்துப் பெருவிரல் அடியில் கடித்தாள். பல் போன வாயால் கடித்தாள். சதை பிய்யும்வரை விடவில்லை. கூந்தல் பிடி விட்டது. மூன்றாவது ஓங்கலில் பூட்டு தெறித்தது. சேலைகளுக்கு அடியில், மல்லிகைச் சவர்க்கார வாசத்தோடு, பெட்டி பத்திரமாக இருந்தது.

அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பியபோதுதான் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுச் சொன்னாள். "புள்ளைக்கு முட்டு. உதடு கறுத்திட்டு."

சுல்பிகாவின் முகம் மாறியது.

"அத முதல்ல சொல்றதுக்கென்ன, மூதேவி."

முறிந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு அவள் முன்னால் ஓடினாள். பாரத்தோடு கமீலா பின்னால் ஓடினாள். அடித்துக்கொண்ட இரண்டு பேரும் ஒரே திசையில் ஓடுவதை ஒழுங்கையால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

மீராமுகைதீன் பொறுத்துத்தான் பார்த்தான். நாற்பது எண்ணுகிற நேரம் பொறுத்திருப்பான். மகளின் கண் மேலே செருகியதைக் கண்டதும் உரித்த வயர் இரண்டையும் சுவர்த் துளையில் விட்டு நெருப்புக்குச்சியால் இறுக்கினான். சுவிச்சைப் போட்டான். மெசின் உறுமியது. ஆவி குபுகுபுவென்று வந்தது.

"வருகுது மனே, இழு, நல்லா இழு" என்று மகளின் முகத்தில் முகமூடியை வைத்துப் பிடித்தான். அந்த நேரத்தில் அவனைவிடச் சந்தோஷமான மனிதன் அந்தக் கரையில் இல்லை.

பிறகு உறுமல் கூடியது. மெசின் தானாகவே பாயில் நகர்ந்தது. உள்ளே ஏதோ வெடித்து, மூடி உருகி, கறுத்த புகை முகமூடி வழியாகவே வெளிவந்தது. அவன் வயரைப் பிடுங்கி எறிவதற்குள் அறை முழுக்கப் புகை.

கமீலா படலையில் வரும்போதே மணந்தது. றியாத்தில் கையில் வெடித்ததும் இதே மணம்தான்.

சுல்பிகா புகைக்குள் நுழைந்தாள். இரண்டு கையும் உதவாது. முழங்கை மடிப்புகளால் பிள்ளையைக் கோலி எடுத்து வெளியே கொண்டுவந்து முற்றத்தில் குந்தி, நெஞ்சோடு நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டாள்.

"உள்ளுக்கு இழுக்காத மனே. வெளிய உடு. ஊது. மாமிட கழுத்தில ஊது. இன்னும். ஓம், அப்படித்தான்." தலையைத் திருப்பி, "அபூசாலிட காரக் கூப்பிடுங்க ஆராவது, வேடிக்க பாக்காம" என்று கத்தினாள். அடுத்த வீட்டு அபூசாலியின் வாடகைக் கார் வந்தது. றாஹிலாவையும் சுல்பிகாவையும் ஏற்றினார்கள்.

கமீலா வாசலில் பெட்டியோடு நின்றாள். கொழுவ மெசின் இல்லாத பெட்டி. மீராமுகைதீன் புகையிலிருந்து இருமிக்கொண்டு வெளியே வந்தான். கண்ணால் நீர் வழிந்தது.

"நீ ஏன்டி சுணங்கின?" என்றான்.

கை தவறி விழுந்தது என்று கமீலா பிறகு சொன்னாள். உண்மை அதுவல்ல. அவள் பெட்டியை நெஞ்சுக்கு மேலே தூக்கி, குறி பார்த்து, அவன் வெறுங்காலில் போட்டாள். அவன் நிலத்தில் புரண்டு ஊளையிட்டான். நாலு விரல் தட்டையாகிப்போனது. அவள் அவனைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினாள். அவனை வேறொருவர் மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்.

ஆசுபத்திரியில் ஊசி போட்டு, குழாய் வைத்து, பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான் பிள்ளையின் உதடு சிவந்தது. இன்னும் பத்து நிமிடம் சுணங்கியிருந்தால் என்று டொக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. பொலிஸ்காரன் வந்து மூன்று பேரிடமும் விசாரித்தான். கிணற்றடியில் விழுந்தேன் என்றாள் சுல்பிகா. படியில் விழுந்தேன் என்றாள் கமீலா. உழவு மெசினிலிருந்து விழுந்தேன் என்றான் மீராமுகைதீன். ஒரே குடும்பத்தில் ஒரே பின்னேரத்தில் மூன்று பேர் விழுந்ததாக அவன் எழுதிக்கொண்டு போனான்.

மறுநாள் மதியம் ஆசுபத்திரிக்கு அபூசாலி வீட்டிலிருந்து சோறும் மீன் ஆணமும் வந்தது. றாஹிலா தலையணையில் நிமிர்ந்து சாய்ந்தபடி உறங்கினாள். அவள் விரல்கள் சுல்பிகாவின் சீலைத்தலைப்பைப் பிடித்திருந்தன. சுல்பிகாவின் வலது கை பிளாஸ்டர் மாக்கட்டுக்குள், இடது கை பெருவிரலோடு துணிக்கட்டுக்குள். காரைதீவுத் தாதி, மிஸ்ஸி தங்கேஸ்வரி, கரண்டியால் ஊட்டப் பார்த்துத் தோற்றுப் போயிருந்தாள்.

கமீலா கையைக் கழுவிக்கொண்டு வந்து சுல்பிகாவுக்கு முன்னால் குந்தினாள். முள்ளெடுத்து, சோற்றைப் பிசைந்து, ஒரு பிடி உருட்டி நீட்டினாள். சுல்பிகா கமீலாவின் வீங்கிய வாயையும் நீட்டிய கையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நானும் கடிச்சிப் போட்டா?"

"கடிங்க."

சுல்பிகா வாங்கித் தின்றாள். "உப்புக் குறவு" என்றாள். கமீலா அடுத்த பிடியை உருட்டினாள்.

"அவரு இனி என்ட வீட்டுக்கு வரப்படா மதினி."

"என்ட வீட்ட வந்து கிடக்கட்டும். கை சுகமாகட்டும், நானும் அவனுக்கு ரெண்டு குடுக்க இரிக்கி." சுல்பிகா மென்று விழுங்கினாள். "உன்ன நான் பொறுத்திட்டன் எண்டு நினைக்காத. கை முறிஞ்ச முறிஞ்சதுதான்."

"ஓம்."

"அந்தப் பெட்டி எங்க?"

"வாசல்ல கிடக்கு. ஒண்டும் ஆகல்ல."

"கழுவி என்னட்டத் தா. பெட்டி இரிக்கி, மெசின்தானே இல்ல. என்ன செய்யப் போற?"

கமீலா கையிலிருந்த தழும்பைப் பார்த்தாள். அதன்மேல் பெல்ட் பட்டை ஒன்று குறுக்கே ஓடியது. "மெசினுக்குத் திரும்பியும் சவூதிக்குப் போகத்தான் வேணும். ரெண்டு வரிசம்."

"இவள?"

கமீலா உறங்குகிற மகளின் விரல்களைப் பார்த்தாள். அந்தப் பிடி தன் சீலையில் இல்லை என்பது நேற்றே தெரியும். இன்று அதைப் பார்க்கும் தைரியம் வந்திருந்தது.

"இவ்வளவு காலமும் ஆரு பாத்த" என்றாள் சுல்பிகா. "போயிட்டு வா. வந்து பெட்டி உடைக்கிற நேரம்..."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"கைல ஒண்டும் தர வேணாம். என்னயும் பாயில கிட்ட இருத்து."

பெல்ட்டுக்கு அழாதவள், பல் போனபோது அழாதவள், சோற்றுக் கையோடு குனிந்து அழுதாள். சத்தம் வராமல் இருக்க மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் சோற்றுக்குள் விழுந்தது.

சுல்பிகா கொஞ்ச நேரம் அவளை அழவிட்டாள்.

"சோறு ஆறுது புள்ள" என்று வாயைத் திறந்தாள்.